நிறத்துக்கு விலை எத்தனை பவுன்?

"முகத்தைக் கழுவிட்டு வாம்மா, வெளிச்சத்துல பாக்கலாம்."

இராயபுரத்தில் ஓர் இல்லத்தில், நிக்காஹ் பேச்சுக்காக நம்மை இடையில் அழைத்துச் சென்ற மாப்பிள்ளையின் தாயார் கூறிய சொல் இது. அப்பெண் எழுந்து சென்றாள், முகம் கழுவி வந்தாள், சன்னலருகே நின்றாள். வெளியே வந்ததும் அந்த அம்மையார் நம்மிடம் சொன்னார்: "பொண்ணு நல்ல பொண்ணுதான் ஹஜ்ரத். ஓதியிருக்கு, படிச்சிருக்கு. நிறந்தான் கொஞ்சம் மட்டு. அஞ்சு பவுன் சேர்த்துப் போடச் சொல்லுங்க."

பெண்ணின் தந்தை துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கி முதுகு வளைந்தவர். ஐந்து பவுனுக்கும் இசைந்தார். நிக்காஹ் நடந்தது. குத்பா ஓதியவர்களும் நாமே. மணமகன் தரும் மஹர் தொகையைப் பதிவேட்டில் எழுதினோம். மணமகளின் நிறத்துக்காக அவள் தந்தை கட்டிய அபராதத்தை எழுதவில்லை. அன்று நாம் காத்த மௌனத்துக்கு இன்று கணக்குத் தீர்க்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். எனவே இதனை எழுதுகின்றோம்.

இதனைக் கண்டிக்கப் புகுந்தால், நம்மவருள் படித்தவர் பாமரர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே விடையைத் தருகின்றனர்: "அழகை விரும்புவது மனித இயற்கை. சிவந்த நிறமும் மெல்லிய உடலும் அழகு. இதில் குற்றம் காண்பானேன்?" இவ்விடையின் முற்பகுதியை நாம் மறுக்கவில்லை. அழகை விரும்புவது இயற்கையே. ஆயின், எது அழகு என்பதையும் இயற்கைதான் வகுத்தது என்கின்றார்களே, அதுவே பொய். காலமும் ஊரும் மாற, அவ்வளவுகோலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இது வெள்ளிடை மலை.

நம் தமிழ் முன்னோரிடமே முதலில் செல்வோம். சங்கச் சான்றோர் மகளிரின் மேனியைப் புகழ எடுத்தாண்ட சொல் 'மாமை' என்பது. மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிடப்படும் மாநிறம் அது. அந்த மாமை அழிந்து மேனி வெளிறுவதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பசலை'. தலைவனைப் பிரிந்த துயரால் தலைவியைப் பற்றும் நோயாகவே அதனைப் பாடினர். மாநிறம் நலம், வெளிறுதல் நோய். இது நம் தாய்மொழியின் மூத்த இலக்கியம் வகுத்த இலக்கணம். அந்நோயை இன்று நாம் காசு கொடுத்துச் சிமிழில் வாங்கி முகத்தில் பூசிக்கொள்கின்றோம். இஃதென்ன விந்தை!

அரபு நாட்டை நோக்குவோம். அறியாமைக் காலத்துக் கவிஞர்கள் பருத்த இடுப்பையும் நிறைந்த சதைப்பிடிப்பையும், அதன் காரணமாக மெல்ல நடக்கும் நடையையும் போற்றினர். மெலிந்த பெண்ணை வறுமைக்கு அடையாளமாகக் கருதினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இளமையைப் பற்றிக் கூறியதை அபூதாவூத் நூலில் காண்கின்றோம். கணவர் இல்லத்துக்கு அனுப்புமுன் தம் உடல் தேற வேண்டுமெனத் தாயார் பலவாறு முயன்றதாகவும், எதுவும் பலிக்காமல், இறுதியில் வெள்ளரிக்காயும் பேரீச்சங்கனியும் சேர்த்து உண்ணக் கொடுத்தபின் தேறியதாகவும் அவர்கள் கூறுகின்றார்கள். மதீனத்துத் தாய் மகளைத் தேற்றப் பாடுபட்டார். வண்ணாரப்பேட்டைத் தாய் மகளை மெலிவிக்கப் பட்டினி போடுகிறார். இரண்டில் எது இயற்கை என நாம் கேட்கின்றோம்.

பிற நாடுகளின் கதையும் இத்தகையதே. ஆப்பிரிக்காவின் மௌரித்தானியாவில் சிறுமியரைத் திருமணத்துக்கு முன் கொழுக்கச் செய்யப் பாலை வலிந்து புகட்டும் கொடிய வழக்கம் நம் காலம் வரை நீடித்தது. சீனத்தில் பெண் குழந்தையின் பாதங்களைத் துணியால் இறுகக் கட்டி எலும்பை மடக்கிச் சிறுத்த பாதத்தை அழகென்றனர். 1912இல் குடியரசு அமைந்தபின் அரசு அதனைத் தடை செய்தது. ஐரோப்பியச் சீமாட்டியர் 19ஆம் நூற்றாண்டில் இடையை இறுக்கும் கச்சைகளால் மூச்சுத் திணறினர். கொழுப்பித்தவனும் குறுக்கியவனும் இறுக்கியவனும் கூறிய காரணம் ஒன்றே: "இதுதான் அழகு, இது இயற்கை." அளவுகோல் மாறிற்று, அளக்கப்படுபவள் மட்டும் மாறவில்லை.

நம் நாட்டில் இன்றைய அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய ஓவியர் இரவிவர்மாவின் வண்ணப் படங்கள் வீட்டுச் சுவர்தோறும் ஏறின. அவற்றில் பெண் சிவந்தவளாகவும் உடல் நிறைந்தவளாகவும் இருந்தாள். அதன்பின் வந்த நாட்காட்டிகளும் அவ்வழியே சென்றன. தொடக்கக் காலத் தமிழ்த் திரையின் நாயகியரும் நிறைந்த உடலினரே. நம் பாட்டிமார், "பூசினாற்போல் இருக்கிறாள்" என்று ஒரு பெண்ணைப் புகழ்ந்தால் அது சதைப்பிடிப்பைப் புகழ்ந்ததாகும்.

1975ஆம் ஆண்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு இந்தியக் கடைத்தெருவுக்கு வந்தது. கருத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மணமும் இல்லை. களிம்பு பூசினால் இரண்டும் உண்டு என்பதே அதன் விளம்பரங்கள் ஆண்டாண்டாகச் சொன்ன கதை. 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூட்டப்பட்டனர். 1996இல் உலக அழகிப் போட்டியே பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அழகு சாதன வணிகர்களுக்கு இந்தியா விளைநிலமாயிற்று. 'பூசினாற்போல்' என்ற புகழுரை வசையாயிற்று. ஒட்டிய வயிறும் துருத்திய எலும்பும் புகழாயின. ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. மனித இயற்கை இருபது ஆண்டில் மாறுமா? மாறாது. வணிகத்தின் விளம்பரமே மாறும்.

எதிர்ப்பும் எழாமலில்லை. 2009இல் நம் சென்னையிலேயே ஒரு பெண்கள் அமைப்பு 'கருமையும் அழகே' என்னும் பொருள்பட இயக்கம் தொடங்கிற்று. 2014இல் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருநிறத்தாரை இழிவாகக் காட்டலாகாது என விதி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்த ஆண்டில், அந்தக் களிம்பும் 'க்ளோ அண்ட் லவ்லி' எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து வெண்மை நீங்கிற்று. நம் பெண் பார்க்கும் படலத்திலிருந்து நீங்கிற்றா? வியாபாரியே நாணி மாற்றிக்கொண்ட ஒன்றை மார்க்கம் அறிந்தோர் நாணாது பேணுகின்றோம்.

பெயரும் முகவரியும் இல்லாத வெளுப்புக் களிம்புகளின் கேடு இதனினும் பெரிது. அவற்றுள் பலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் பொருள் உருவாவதை அது தடுக்கிறது. உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தின் வடிகட்டியைச் சிதைக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயுடன் வந்தோர் பலர் இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தவர்கள் என மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் அது. நம் தெருக்களில் இத்தகைய சிமிழ்கள் இல்லையென எவரேனும் ஆணையிட்டுக் கூற இயலுமா? நிறம் மட்டு என்ற ஒரு சொல், ஒரு பெண்ணின் சிறுநீரகம் வரை சென்று தைக்கிறது.

இனி நாம் வாழும் இந்த வடசென்னையை நோக்குவோம். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துக் கூடை சுமந்து வெயிலில் விற்கும் தாய்மாரின் நிறம் எதுவாக இருக்கும்? எண்ணூரில் ஆலைப் புகையையும் சாம்பலையும் நாள்தோறும் சுவாசித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கொள்கலன் வண்டிகளுக்கிடையே வேலைக்குச் சென்று மீளும் பெண்ணின் மேனி எவ்வாறு இருக்கும்? அவர்தம் நிறம் உழைப்பின் நிறம். கடற்கரை வெயிலின் நிறம். துறைமுகமும் தொழிற்சாலையும் கட்டிய குடும்பங்களின் பிள்ளைகளை, நிழலில் வளர்ந்தோரின் அளவுகோலால் அளப்பது அறமா?

எடை பற்றியும் ஒரு சொல். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 53 விழுக்காட்டினர், இரத்தசோகை உடையவர்கள். அதே ஆய்வின்படி 40 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். பெண் பார்க்க வருவோர் மெலிவைப் பாராட்டுகின்றனர். அம்மெலிவு இரத்தமின்மையாக இருக்கலாம் என எண்ணுவதில்லை. மணமாகி இரு பிள்ளைகளைப் பெற்றபின் உடல் பருத்தால் அவர்களே எள்ளுகின்றனர். அது வீட்டுக்குள் முடங்கியதன் விளைவாக இருக்கலாம் என எண்ணுவதில்லை. நலத்துக்காக எடை குறைக்கட்டும். நாம் தடை சொல்லவில்லை. நாம் எதிர்ப்பது மருத்துவரின் நிறைகோலை அன்று, மாமியாரின் நிறைகோலையே.

இவ்விடத்தில் நம் மார்க்கத்தைத் துணைக்கழைக்க வருவோர் உளர். "பெண் நான்கு காரணங்களுக்காக மணக்கப்படுகிறாள் என்ற நபிமொழியில் அழகும் ஒன்றாகச் சொல்லப்படவில்லையா? மணக்கவிருக்கும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு முகீரா (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறவில்லையா?" என்பர். கூறினார்கள், ஐயமில்லை. ஆயின் முதல் நபிமொழி, செல்வம், குலம், அழகு, மார்க்கம் என மக்கள் நாடும் நான்கையும் எடுத்துரைத்தபின், மார்க்கப் பற்றுடையவளையே தேர்ந்து வெற்றி பெறுமாறு பணிக்கிறது. மக்களின் வழக்கத்தை எடுத்துரைத்தது செய்தி; இறுதியில் வந்ததே கட்டளை. நம்மவர் செய்தியைக் கட்டளையாக்கிக் கட்டளையைக் கைவிட்டனர். இரண்டாவது நபிமொழியோ, இருவரிடையே இணக்கம் நிலைக்க உதவும் என்பதற்காக மணமகனுக்குத் தரப்பட்ட அனுமதி. அத்தையும் மாமியும் நாத்தனாரும் வட்டமாக அமர்ந்து முகம் கழுவச் சொல்லிச் சோதிப்பதற்குத் தரப்பட்ட உரிமச் சீட்டு அன்று.

மத்ரஸாவில் ஓதியோர் அறிவர்: ஃபிக்ஹு நூல்களில் வணிகப் பாடம் வேறு, நிக்காஹ் பாடம் வேறு. சரக்கில் குறை காணப்பட்டால் திருப்பித் தரவோ விலை குறைக்கவோ பேசுவது வணிகப் பாடத்தில் உள்ளது. "நிறம் மட்டு, ஐந்து பவுன் கூட்டு" என்போர் அப்பாடத்தின் ஏட்டைக் கிழித்து நிக்காஹ் பாடத்தில் ஒட்டியவர்கள். அதிலும் ஒரு கொடுமை: சந்தையில் வாங்குபவன் பணம் தருகிறான், இங்கோ பெற்றுக்கொள்பவனே பணமும் கேட்கிறான்! பெண்களுக்கு அவர்தம் மணக்கொடையை மனமுவந்து வழங்குங்கள் எனத் திருமறை (4:4) ஆடவனுக்குப் பணிக்கிறது. மஹரைப் பெயரளவில் வைத்துக்கொண்டு, கைக்கூலியை நிறத்துக்கேற்ப ஏற்றுவது இறைவசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதன்றி வேறென்ன?

அண்ணலாரின் வாழ்வு இவ்வகையில் நமக்குக் காட்டுவது யாது? அவர்களை வளர்த்தெடுத்த உம்மு ஐமன் (ரலி) அபிசீனியப் பெண்மணி. தம் அன்னைக்குப் பின் அன்னை என அண்ணலார் அவரைப் போற்றினார்கள். அவருடைய மகன் உஸாமா (ரலி) கருநிறத்தவர். குறைஷிக் குலத்துப் பெண் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம் மணத்துக்கு யோசனை கேட்டபோது, அண்ணலார் சுட்டியது அந்த உஸாமாவையே. முதலில் விரும்பாத அவர், பின்னர் மணந்து, அதில் இறைவன் நன்மையை வைத்தான் எனத் தாமே சாட்சி கூறினார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவரிடம், சுவனத்துப் பெண் ஒருத்தியைக் காட்டவா என வினவிச் சுட்டிக்காட்டியதும் கருநிறப் பெண்மணி ஒருவரையே என்பதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன.

உடல் எடையைப் பற்றியும் ஒரு முன்மாதிரி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணலாருடன் ஓட்டப் பந்தயம் ஓடி வென்றார்கள். காலம் சென்று, தம் உடல் சதைப்பிடித்தபின் மீண்டும் ஓடியபோது அண்ணலார் வென்றார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என நகைமுகத்துடன் கூறினார்கள். பருத்துவிட்டாயே என்ற ஏளனம் இல்லை. மீண்டும் ஓடக் கூப்பிட்ட அன்பே இருந்தது. இல்லறத்தார் இதனை மனத்திற் கொள்வார்களாக.

நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரபுகளிடமும் நிறப்பெருமை இருந்தது. இஸ்லாம் வந்த பின்னும் அது முற்றும் ஒழியவில்லை. ஒழியாத காரணத்தால்தான், பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டில் கருநிறத்தாரின் சிறப்பை நிலைநாட்டத் தனி நூல் எழுத நேர்ந்தது. 1201இல் மறைந்த பக்தாதின் இப்னுல் ஜவ்ஸியும் அப்பொருளில் ஒரு நூல் யாத்தார். ஆலிம்கள் தம் காலத்துப் பிழையை எதிர்த்து எழுதுகோல் ஏந்தினர். நாமோ பிழையின் நிழலில் அமர்ந்து பிரியாணி உண்கின்றோம்.

நம் மேடைகளின் குற்றமும் சிறிதன்று. சுவனத்து 'ஹூர்' என்னும் சொல்லுக்கு, வெளேரென்ற பெண்கள் எனப் பொருளுரைத்து முழங்கும் பேச்சாளர் பலர். அச்சொல்லுக்கு மொழிநூலார் முதன்மையாக எடுத்துரைப்பது கண்ணின் வெண்மையும் கருமையும் ஒன்றையொன்று விளக்கிக் காட்டும் அழகையே. கருமையின்றி அவ்வழகே இல்லை! மிம்பரிலிருந்தே வெண்மைக்கு விளம்பரம் கிடைக்குமானால், களிம்பு வியாபாரியை மட்டும் நொந்து பயனென்ன?

"நம் பெண்கள் பர்தா அணிபவர்கள், இந்த அழகுச் சந்தை அவர்களைத் தீண்டாது" என ஆறுதல் கொள்வோருக்கும் ஒன்று சொல்வோம். தெருவில் மறைக்கப்படும் முகம், கைப்பேசியில் படமாகி, தரகர் கையிலிருந்து பத்து வீடுகளுக்குப் போகிறது. வெளுப்பாக்கித் தரும் செயலியின் உதவியோடு போகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறமுள்ள, மார்க்கப் பற்றுள்ள' என எழுதுகின்றனர். நிறம் முன்னே, மார்க்கம் பின்னே! தராசு பர்தாவுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இம்மண்ணின் பெண்கள் எதற்கு உரியவர்கள் என்பதை அவர்களே காட்டியுள்ளனர். 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் இரவும் பகலுமாகப் பல வாரங்கள் அமர்ந்திருந்தவர்கள் நம் தாய்மாரும் மகளிருமே. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா, வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். உரிமைக்காக அமர்ந்தபோதும் வெற்றியோடு திரும்பியபோதும் இச்சமுதாயம் அவர்களைக் கண்டு பெருமிதம் கொண்டது. பெண் பார்க்கும் அறையில் மட்டும் அப்பெருமிதம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

நாம் வேண்டுவன கடினமானவை அல்ல. மணவிளம்பரங்களில் நிறத்தைக் குறிக்கும் சொல்லை எந்த முஸ்லிம் இதழும் அச்சிடலாகாது. இவ்விதழும் அதில் முந்தி நிற்க வேண்டும். மஹல்லா ஜமாஅத்துகள், பெண் வீட்டார் தந்த நகையையும் தொகையையும் நிக்காஹ் பதிவேட்டில் மஹருக்கு நேரே எழுதி வைக்க வேண்டும். எழுத நாணுவதை வாங்கவும் நாணட்டும். ஆலிம்கள் நிறத்துக்கு விலை பேசப்பட்ட மணத்தில் குத்பா ஓத மறுக்க வேண்டும். நாம் இனி ஓதுவதில்லை என இங்கு எழுதிக் கையொப்பமிடுகின்றோம்.

தாய்மாருக்கு இறுதியாக ஒன்று. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது என விலக்கும் திருவசனம் (49:11) அத்துடன் நிற்கவில்லை; பெண்கள் பெண்களை எள்ளலாகாது எனத் தனியே எடுத்தோதுகிறது. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் குட்டையான உருவத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு சொல்லால் சுட்டியபோது, அச்சொல்லைக் கடல்நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என அண்ணலார் (ஸல்) கண்டித்தார்கள். தம் அன்பு மனைவியையும் அவர்கள் அதில் விட்டுவைக்கவில்லை.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமும் கடலும் கருத்துக் கிடந்ததை நாம் கண்டோம். வலையும் படகும் மீனவர் கைகளும் எண்ணெயில் தோய்ந்தன. யார் கெடுத்தது என ஊரே சினந்து கேட்டது. கேட்டது நியாயம். ஆனால் சன்னலருகே நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து நாம் உதிர்க்கும் ஒரு சொல்லும் கடலைக் கெடுக்க வல்லது என்றார்களே அண்ணலார், அதை யார் கேட்பது?

நம் பதிவேட்டில் அன்று எழுதாமல் விட்ட ஐந்து பவுன் மறுமையின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். வல்ல இறைவன் நம் பிழை பொறுத்து, நேர்மையாகப் பேசும் நாவை நமக்கு அருள்வானாக. ஆமீன்.